ஈயம் என்று சொல்லி விற்பதை அப்படியே சட்டியில் போடாதீர்கள்

நாலு வருஷமாக வீட்டு மொட்டைமாடியில் ஜிக் ஹெட், அதாவது தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்க்கும் ஈயத்தலை, வார்க்கிறேன். முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கு 14 கிராம், கோவளம் கல்லோரத்தில் பாறை மீனுக்கு 28 கிராம். கூடத் தூண்டில் போட வரும் மூன்று நண்பர்களுக்கும் நான்தான் ஊற்றித் தருவேன். போன மாதம் ஒரே மத்தியானத்தில் என்னிடம் இருந்த ஈயம் அத்தனையும் பாழாகிவிட்டது. இதே தப்பை இன்னொருவர் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு இல்லை என்பதால் ஒரு காயலான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏற்கெனவே உருக்கிப் பாளமாக ஊற்றி வைத்திருந்ததைக் காட்டினார். "சுத்த ஈயம் சார், பேட்டரி சரக்கெல்லாம் நம்ம கிட்ட கிடையாது" என்றார். கிலோ 210 ரூபாய் என்று 15 கிலோ எடுத்தேன். பில் கேட்கவில்லை. பாளமாக இருந்ததைப் பார்த்ததுமே யோசித்திருக்க வேண்டும். தகடோ குழாயோ வலைக்குண்டோ என்றால், எது எங்கிருந்து வந்தது என்று கண்ணாலேயே தெரியும். உருக்கிவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான்.

வீட்டில் அதை என் பழைய 8 கிலோவோடு சேர்த்துப் போட்டேன். அந்த 8 கிலோ, பழைய எக்ஸ்ரே அறையிலிருந்து எடுத்த தகடும் வலைக்குண்டுமாக வருஷக்கணக்கில் சேர்த்தது. நல்ல ஈயம் உருகினால் மேல் ஆடையை வழித்ததும் கண்ணாடி மாதிரி மின்னும். இது கேழ்வரகுக் கூழ் மாதிரி திரிதிரியாக நின்றது. கரண்டியால் வழிக்க வழிக்க மறுபடி ஆடை கட்டியது. அடுப்பைக் கூட்டினேன். அதுதான் பெரிய தப்பு. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். தணலைக் குறைவாக வைத்திருந்தால், தனியாக இருந்த துத்தநாகத் துண்டாவது உருகாமல் மேலே மிதந்திருக்கும், வழித்து எறிந்திருக்கலாம். சூட்டை ஏற்றி நானே உள்ளே கரைத்தேன்.

அச்சுதான் குளிர்ந்துவிட்டதோ என்று அதைச் சூடாக்கி இன்னும் இருபது ஊற்றினேன். முகமெல்லாம் சுருக்கம். பிளாஸ்டிக் மீனைப் பிடித்து நிறுத்தும் கழுத்து வளையம் பாதிக்கு மேல் விழவே இல்லை. முள்ளைப் பிடித்துத் திருகினால் தலை தனியாகச் சுற்றியது. தராசில் வைத்தால் 14 கிராம் அச்சில் வந்தது 11 கிராம். முகத்துவாரத்து இழுப்பில் அது அடியே தொடாது.

மிச்சமிருந்த ஒரு பாளத்தை எடுத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். நல்ல ஈயம் நசுங்கும், வளையும். இது விளிம்பில் பொட்டென்று உடைந்தது. உடைந்த வாய் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் ஒரு சொட்டு விட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. ஈயத்தில் அப்படிப் பொங்காது. கடைசியாக நிறுத்துப் பார்த்தேன். பாளம் 918 கிராம். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, பாளத்தை நூலில் கட்டி, அடி தொடாமல் முழுக்க முக்கினால் 90 காட்டியது. 918ஐ 90ஆல் வகுத்தால் 10.2. சுத்த ஈயமாக இருந்தால் 11.3 வந்திருக்கும்.

பாளத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "ஈயம்னுதானே கேட்டீங்க, ஈயம்தான் குடுத்தேன்" என்றார். நம் பேச்சில் இதற்கு இடம் இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் ஈயம்தான், அது வெள்ளீயம். நாம் வார்ப்பது காரீயம். பாளமாக ஊற்றிவிட்டால் துத்தநாகமும் அந்தப் பெயரில் போய்விடுகிறது. அவர் பணம் தரவில்லை, பில் இல்லாததால் நானும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறு. இன்னொரு பாளத்தை உடைத்தபோது உள்ளே பாதி உருகாத பேட்டரி டெர்மினல் ஒன்று இருந்தது. பேட்டரித் தகட்டில் கால்சியம், ஆன்டிமனி, ஆர்சனிக் எல்லாம் இருக்கலாம். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற விஷ வாயுக்கள் கிளம்பலாம். நான் வழித்த கசடை மாடி ஓரத்தில் தகர டப்பாவில் மூடாமல் வைத்திருந்தேன். அன்று இரவு மழை. என் மகள் துணி எடுக்க அந்தப் பக்கமாகத்தான் போய் வந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது தெரிந்த பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. பேட்டரி ஈயத்தை வீட்டில் தொடவே தொடாதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும்.

ஜிக் ஹெட்டுக்கு மெத்தென்ற ஈயம்தான் வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், தரையில் போட்டால் டப்பென்று அமுங்கிய சத்தம் வர வேண்டும். டிங்கென்று மணி மாதிரி வந்தால் வேண்டாம். டயர் கடையில் கிடைக்கும் பேலன்ஸிங் வெயிட்டில் கிளிப் வைத்தது ஆன்டிமனி சேர்ந்து கொஞ்சம் கெட்டி. பெரிய குண்டுக்கு ஓடும், மெல்லிய கழுத்துள்ள சின்ன அச்சில் மல்லுக்கட்டும். அதிலும் இப்போது துத்தநாகத்தில் செய்தது நிறைய வருகிறது. ஒவ்வொன்றாகத் திருப்பி, துத்தநாகத்தின் குறியான 'இசட் என்' பொறித்திருக்கிறதா என்று பார்க்காமல் சட்டியில் போடாதீர்கள். எங்கே வாங்கினாலும் முதலில் ஒரு துண்டைத் தனிச் சட்டியில் உருக்கிப் பாருங்கள். பழைய நல்ல சரக்கோடு அன்றே சேர்க்காதீர்கள்.

நான் இப்போது காசிமேட்டு வலைக்கடையில் 3 கிலோ குண்டு வாங்கி மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். கடைப் பெரியவர் ஒரு குண்டைப் பல்லால் கடித்துக் காட்டப் போனார். "வேண்டாம் ஐயா, நகமே போதும்" என்று தடுத்துவிட்டேன். கெட்டுப்போன சரக்கு சாக்கில் கட்டிக் கிடக்கிறது, மேலே 'துத்தநாகம், பேட்டரி கலந்தது, உருக்காதே' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். பாதி விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். கொடுக்கவில்லை.