மர வளையமா, சிலிகானா? பல் முளைக்கும்போது நாங்கள் வாங்கியவை

மகளுக்கு ஆறு மாதம் முடிந்த கையோடு கீழ்வரிசை முன்பல் இரண்டும் எட்டிப் பார்த்தன. அம்மா சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தேங்காய் வாங்கி வந்து பல் கொழுக்கட்டைக்குத் தயாரானார். நான் கடிக்கக் கொடுக்க டீத்தர் தேடினேன். கடைசியில் வீட்டில் மூன்று சேர்ந்துவிட்டன.

உள்ளே நீர் நிரப்பிய பிளாஸ்டிக் வளையத்தை முதலிலேயே ஒதுக்கினேன். பல் குத்தி ஓட்டை விழுந்தால் என்ன செய்வது?

மர வளையம் நண்பர் தந்த பரிசு. பார்க்க அழகு, பிடிக்கவும் வாகு. மகளுக்கும் அதுதான் பிடித்தது. வம்பு கழுவுவதில்தான். மரத்தைக் கொதிக்க வைக்கக் கூடாது, ஊறவும் விடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்துக் காய வைக்க வேண்டும். ஆனால், சிங்கப்பூரில் எங்கே காய்வது? ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். டிசம்பர் மழையில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் இரவு வைத்தது காலையிலும் சில்லென்றுதான் இருக்கும். ஒருநாள் மரத்தின் ரேகையோரம் மிளகளவு கறுப்புப் புள்ளி. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. குப்பைக்குப் போனது வளையம். நாள் முழுக்க ஏர்கான் ஓடும் வீட்டில் ஒருவேளை தாக்குப்பிடிக்கலாம்.

சிலிகானில் அந்தத் தொல்லை இல்லை. பால் புட்டிகளோடு சேர்த்துக் கொதிக்க வைத்து எடுத்தால் ஆயிற்று. ஒட்டு இல்லாமல் ஒரே வார்ப்பாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இணைப்பு இருந்தால் அந்த இடுக்கில் பால் தங்கிவிடும். ஒரு குறை: தரையில் விழுந்தால் தலைமுடி, பஞ்சு எல்லாம் ஒட்டும். நாளைக்குப் பத்து முறை அலச வேண்டியிருக்கும். ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதம். ஃப்ரீசர் மட்டும் வேண்டாம், கல்லாக இறுகி ஈறைப் புண்ணாக்கும்.

ஈறில் தடவும் ஜெல் பக்கம் நான் போகவில்லை. பென்சோகெயின் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்ததை இரண்டு வயதுக்குள் தரக் கூடாதென்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் எச்சரித்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பல்லின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவளுக்கு இப்போது பத்து மாதம்தான். கடைவாய்ப் பல்லுக்கும் சிலிகான் போதும் என்று இப்போதே சொல்ல மாட்டேன். இரண்டாவதாக ஒன்று வாங்கி ஃபிரிட்ஜில் போட்டிருக்கிறேன்.