குருத்தெலும்பை வளர்க்க எந்தச் செல் நல்லது?

கோழிக்கால் சாப்பிட்டு முடித்ததும் எலும்பின் நுனியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வெள்ளையாக, வழவழவென்று, லேசாக நீலம் ஓடிய ஒரு தொப்பி இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி மீண்டு வரும். நம் முழங்காலிலும் இதேதான், சில மில்லிமீட்டர் கனத்தில். "முட்டியில ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்று வீடுகளில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் ஒருமுறை குழி விழுந்தால் தானாகச் சரியாவதில்லை. வெளியே வளர்த்து உள்ளே வைக்கலாமா என்று இத்தனை பேர் முயல்வதும் அதனால்தான்.

எந்தச் செல்லில் இருந்து வளர்ப்பது என்பதில்தான் போட்டி. ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: அதிலிருந்து வரும் குருத்தெலும்பு, குருத்தெலும்பாகவே நிற்குமா? உடம்பில் இரண்டு வகை உண்டு. மூட்டின் மேற்பரப்பில் இருப்பது ஆயுள் முழுக்க அப்படியே இருக்க வேண்டியது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிக்குச் சற்று உள்ளே இருப்பதோ எலும்பாக மாறுவதற்கென்றே உண்டாவது. ஆய்வகத்தில் இரண்டும் முதலில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்தான் மூத்த வழி. மூட்டில் பாரம் விழாத இடத்தில் துளி எடுத்து, செல்களைப் பிரித்துப் பெருக்கி, குழியில் வைப்பார்கள். ஸ்வீடனின் கோதன்பர்க் மருத்துவர்கள் 1994-ல் 23 பேரின் முடிவை வெளியிட்டார்கள். தொடை எலும்பின் நுனியில் குழி இருந்த 16 பேரில் 14 பேருக்கு இரண்டு ஆண்டு கழித்தும் நல்ல பலன். முட்டிச்சில்லில் குழி இருந்த 7 பேரில் 2 பேருக்குத்தான். மனிதரில் இத்தனை காலம் சோதிக்கப்பட்ட வழி வேறில்லை, அந்த மரியாதையை அதற்குக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் இரண்டு முறை அறுவை சிகிச்சை. தட்டில் பரப்பிப் பெருக்கும்போது அந்தச் செல்கள் தட்டையாகி, தங்கள் வேலையை மறந்து, தழும்பில் இருக்கும் முதல் வகைக் கொலாஜனை (கொலாஜன் என்பது திசுவைத் தாங்கும் நார்ப் புரதம்) செய்யத் தொடங்கிவிடுகின்றன. மூட்டு முழுக்கத் தேய்ந்த வயதானவரிடம் எடுக்க நல்ல திசுவும் அதிகம் இருக்காது.

அடுத்தது எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுக்கலாம், சுலபம். இரண்டரை லட்சம் செல்களைக் குழாயில் விட்டுச் சுழற்றி அடியில் படியவைத்து, டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி (செல்லுக்கு என்ன ஆகவேண்டும் என்று சொல்லும் புரதம்) சேர்த்த திரவத்தில் வைத்தால், அடியில் படிந்த படலம் ஓரிரு நாளில் சுருண்டு உருண்டையாகும். மூன்று வாரத்தில் சின்ன ஜவ்வரிசி மாதிரி வெண்மையாக நிற்கும். மெல்லிய சீவலாக வெட்டி குருத்தெலும்பைக் காட்டும் அல்சியன் நீலச் சாயம் போட்டால் நடுவெல்லாம் நீலம். பார்க்க அத்தனை அழகு. ஆனால் பத்தாம் வகைக் கொலாஜன் இருக்கிறதா என்று சோதித்தால் அதுவும் இருக்கும். எலும்பாகப் போகிற செல்லின் அடையாளம் அது. எலியின் தோலுக்கு அடியில் வைத்தால் இந்த உருண்டைகளில் சுண்ணாம்பு ஏறிவிடுகிறது. என் அளவுகோலில் இது பெரிய குறை.

இனி கரு ஸ்டெம் செல். 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவில் இருந்து முதன்முதலாக இவற்றை வளர்த்தது. செயற்கைக் கருத்தரிப்புக்கு உருவாக்கி மீந்துபோன, சில நாளே ஆன கருக்கள்தான் மூலம். சலிக்காமல் பெருகும், உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறும். இந்த இரண்டாவது குணம்தான் தலைவலியும். ஆரம்பத்தில் இவற்றைக் கட்டியாகத் திரளவிட்டு, அதற்குள் தற்செயலாக வந்த குருத்தெலும்பைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது.

அதை மாற்றியது மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு. கரு வளரும்போது செல்கள் எந்த வரிசையில் போகின்றனவோ அதே வரிசையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய வளர்ச்சிக் காரணிகளை மட்டும் கொடுத்து, சுமார் இரண்டு வாரத்தில் குருத்தெலும்பின் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். 2010-ல் வந்த முடிவின்படி, குருத்தெலும்புக்கான சாக்ஸ்-9 புரதம் இரண்டு செல் வரிசைகளில் (ஒரே கருவில் இருந்து பெருக்கிய செல் கூட்டம் ஒரு வரிசை) 95 முதல் 97 சதவீதம் செல்களில் இருந்தது, மூன்றாவதில் 74 சதவீதம்தான். ஒரே செய்முறை, வேறு வேறு கருக்கள், இத்தனை வித்தியாசம்! மீதிச் செல்கள் எல்லாம் ஆபத்தானவை என்றில்லை. ஆனால் அவற்றில் ஒருசில இன்னும் கருநிலையிலேயே நின்றால், டெரடோமா என்ற கட்டி வர இடமுண்டு. அப்புறம் இதே குழு இந்தச் செல்களை எலிகளின் மூட்டுக் குழியில் வைத்து 12 வாரம் கவனித்தது. குழி வழவழப்பாக நிரம்பியது, கட்டி வரவில்லை.

என் கேள்விக்கு நேரான பதில் 2015-ல் டொரன்டோவில் கோர்டன் கெல்லர் குழுவிடம் இருந்து வந்தது. எல்லாச் செல்லாகவும் மாறக்கூடிய மனிதச் செல்களில் இருந்து இரண்டு வகையையும் தனித்தனியாகவே எடுத்துக்காட்டினார்கள். டிஜிஎஃப்-பீட்டா கொடுத்தால் மூட்டு வகை, பிஎம்பி-4 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி கொடுத்தால் எலும்பாகும் வகை. எலிக்குள் வைத்தபோது முன்னது குருத்தெலும்பாகவே நின்றது, பின்னது எலும்பாகப் போனது. நிலைக்கும் வகையை நாமே தேர்ந்தெடுக்க முடிகிறது என்பதால் எனக்கு இந்த வழிமேல்தான் நம்பிக்கை அதிகம்.

அப்படியென்றால் ஐபிஎஸ் செல்? ஜப்பானிய விஞ்ஞானி யமனாகாவின் கண்டுபிடிப்பு. பெரியவரின் சாதாரணச் செல்லையே கருநிலைக்குத் திருப்பலாம், கருவே வேண்டாம். நோயாளியின் சொந்தச் செல்லையே பயன்படுத்தலாம் என்பதைத்தான் இதன் பெரிய பலமாகச் சொல்வார்கள். குருத்தெலும்பில் அந்தப் பலம் அவ்வளவு பெரிதில்லை. ரத்தக்குழாய் இல்லாததால் அந்நியத் திசுமேலும் எதிர்ப்பு குறைவு. 2020-ல் அனுமதி பெற்ற கியோட்டோ பல்கலைக்கழகத்தின் முழங்கால் சோதனையும் பிறர் தந்த செல்லில் வளர்த்த ஐபிஎஸ் குருத்தெலும்பைத்தான் எடுத்துக்கொண்டது. எனவே கரு ஸ்டெம் செல், ஐபிஎஸ் இரண்டுக்கும் நடுவில் தீர்மானிப்பது கருவைப் பயன்படுத்துவது பற்றிய மனச்சாட்சிதான். அதில் தயக்கம் உள்ளவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வழியைக் காட்டியது கரு ஸ்டெம் செல், நோயாளியிடம் முந்திப் போவது ஐபிஎஸ்.

இன்றைக்கே சிகிச்சை வேண்டும், வயது குறைவு, குழி சின்னது என்றால் சொந்தச் செல் வழியைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். யாராவது "ஸ்டெம் செல் ஊசி, ஒரே வாரத்தில் ஜவ்வு வளரும்" என்று சொன்னால், எந்தச் செல், எங்கே வளர்த்தது, மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி எங்கே என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே காலை நீட்டுங்கள்.