பாம்பனை ரயிலில் கடப்பது: பாலம் பார்க்க வருவோருக்கு

பழைய பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்துதான் போனது. மணிக்கு 10 கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தப் பாலத்தைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. சன்னலோரம் இடம் கிடைத்தவர் தூண்களை எண்ணிக்கொண்டே வர முடிந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அனுமதித்த உச்ச வேகம் 75. கப்பலுக்கு வழிவிட மேலே எழும் தூக்குப் பகுதியில் மட்டும் 50. அந்த வேகத்தில் போனால் கடல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ராமேஸ்வரம் போய்ச் சேர வேண்டியவருக்கு இது பெரிய லாபம். பாலத்தைப் பார்க்கவென்றே வண்டி ஏறுகிறவர் அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னேற்பாட்டோடு வர வேண்டும். இல்லையென்றால் செல்போனை எடுத்துக் கேமராவைத் திறப்பதற்குள் பாம்பன் ஸ்டேஷன் வந்துவிடும்.

முதலில் எந்த வண்டி என்பது. சென்னையிலிருந்து சாயங்காலமும் இரவும் கிளம்பும் எக்ஸ்பிரஸ்கள் பெரும்பாலும் இருட்டிலோ விடியும் தருவாயிலோதான் பாலத்துக்கு வருகின்றன. ஊர் போய்ச் சேர அவை வசதி. பாலம் பார்க்க உதவாது. மதுரையிலிருந்து பகலில் வரும் பாசஞ்சர்தான் சரியான தேர்வு. ஏ.சி. பெட்டியின் கண்ணாடி நிறமேற்றியது, திறக்கவும் முடியாது. உப்புக்காற்றில் வெளிப்பக்கம் படலம் படிந்து படமெல்லாம் மங்கலாக வரும். முன்பதிவில்லாத பெட்டியின் திறந்த சன்னலே மேல். கூட்டத்தைச் சமாளிக்க, வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறிவிடுங்கள். வழியில் ராமநாதபுரத்தில் ஏறினால் சன்னல் கிடைப்பது கஷ்டம். வாசற்படியில் தொங்கிக்கொண்டு வீடியோ எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். பாலத்தின் மேல் பக்கச்சுவர் கிடையாது, குறுக்குக்காற்று சட்டென்று தள்ளும்.

ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி வருகிறபோது விமானப் பிரியர்கள் தலையை நிமிர்த்துவார்கள். 2009-ல் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் அங்கேதான் இருக்கிறது. அது பாதுகாப்புப் பகுதி. கேமராவை வெளியே எடுக்காதீர்கள். வானில் ஏதாவது பறந்தால் கண்ணால் பார்த்துக்கொள்வதோடு சரி.

அடுத்தது எந்தப் பக்கம் உட்காருவது. மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு வண்டி ஏறக்குறையக் கிழக்கு நோக்கிப் போகிறது. இடப்பக்கம் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம். வலப்பக்கம் தென்கடல், மன்னார் வளைகுடா. புதிய பாலம் பழையதற்கு வடக்கே அதை ஒட்டியே போகிறது. சாலைப்பாலம் இரண்டுக்கும் தெற்கே. ஆகவே பழைய பாலத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் போகும்போது வலப்பக்கச் சன்னல், திரும்பும்போது இடப்பக்கச் சன்னல். வெறும் கடல் மட்டும் போதும் என்பவர்கள் மறுபக்கம் உட்காரலாம். பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் பலர் “எந்தப் பக்கமானாலும் அழகுதான்” என்று முடித்துவிடுகிறார்கள். அழகு இருபுறமும் இருக்கலாம், வரலாறு தென்பக்கம்தான் நிற்கிறது.

புதிய பாலத்தின் கணக்கு இது: 18.3 மீட்டர் நீளக் கண்கள் (தூணுக்குத் தூண் உள்ள பகுதிகள்) 99, அவற்றோடு 72.5 மீட்டரில் ஒரே ஒரு தூக்குக் கண். அந்த ஒன்று மட்டும் ஏறக்குறைய 660 டன். இரு முனைகளிலும் உள்ள கோபுரங்களுக்கு நடுவில், கிணற்று வாளி போல நேராக 17 மீட்டர் மேலே போகிறது. வாளியைக் கை இழுக்கிறது. இங்கே கோபுரத்தின் மறுபுறம் தொங்கும் எதிர் எடைகள் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. மோட்டாருக்கு மிஞ்சுவது உராய்வும் காற்றும்தான். அதனால்தான் சில நிமிடங்களில் மேலே போய்விட முடிகிறது. வண்டிக்குள் இருப்பவருக்குத் தூக்குக் கண் வந்ததற்கான அடையாளம் காதில் கேட்கும்: மேலே எழும்பும் பகுதி என்பதால் அதன் இரு முனைகளிலும் தண்டவாளம் வெட்டுப்பட்டிருக்கிறது. சக்கரத்தின் சத்தம் அங்கே மாறும். உடனே சன்னலுக்கு வெளியே மேல் நோக்கிப் பார்த்தால் கோபுரமும் கம்பிவடங்களும் ஒரு கணம் தெரியும்.

தூண்களையும் கவனியுங்கள். கடலுக்குள் போட்ட அடித்தளம் இரட்டைப் பாதைக்குப் போதுமான அளவில் கட்டப்பட்டிருக்கிறது. மேலே இப்போது ஓடுவது ஒற்றைப் பாதை. பக்கத்தில் காலியாகத் தெரியும் இடம் நாளைய இரண்டாவது பாதைக்கு. துருவும் இங்கே பெரிய எதிரி. உலகில் இரும்பை மிக வேகமாகத் தின்னும் கடற்கரைகளில் பாம்பனும் ஒன்று என்பார்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரும்பின் மேல் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு என்று இந்த முறை ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. பூச்சு எப்படித் தாங்குகிறது என்று பார்க்க விரும்புவோர் நடுப்பகுதியைப் பார்ப்பதைவிடப் போல்ட் தலைகளையும் பற்றவைப்பு ஓரங்களையும் கவனிக்க வேண்டும். துரு எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பழைய பாலத்தின் நடுவில் இருப்பது ஷெர்சர் தூக்கு. இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறந்தது. தூக்குப் பகுதி இங்கிலாந்திலிருந்து வந்தது. பெரும்பாலான தூக்குப்பாலங்கள் கதவு போலக் கீலில் சுழலும். ஷெர்சர் முறை வேறு. பாலம் நடுவில் இரண்டு இறக்கைகளாகப் பிரியும். ஒவ்வொரு இறக்கையின் அடிப்பகுதியும் வண்டிச்சக்கரத்தின் ஒரு துண்டு போல வளைந்திருக்கும். அந்த வளைவு தட்டையான தளத்தின் மேல் பின்னோக்கி உருளும். உருளும்போது இறக்கை மேலே எழுவதோடு கரைப்பக்கமாகப் பின்வாங்கவும் செய்கிறது. கப்பலுக்குக் கிடைக்கும் வழி அதனால் அகலமாகிறது. வாலில் எதிர் எடை இருப்பதால் நெம்புகோல்களை ஆட்கள் கையால் தள்ளியே திறந்தார்கள். மோட்டார் இல்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் வேலை செய்த பொறி இது. 2018 டிசம்பரில் இந்தப் பகுதியில் விரிசல் கண்டு ரயில் நின்றது, 2019 பிப்ரவரி இறுதியில் மீண்டும் ஓடியது. 2022 டிசம்பர் 23-க்குப் பிறகு பழைய பாலத்தில் ரயிலே இல்லை. இந்த இறக்கைகளில் ஒன்றையாவது பல்சக்கரத்தோடும் நெம்புகோலோடும் கரையில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். பழைய இரும்பு விலைக்குப் போகிற பொருள் இல்லை இது.

ஓடும் ரயிலிலிருந்து இந்தப் பகுதி கண்ணில் படுவது சில விநாடிகள்தான். எனவே சாலைப்பாலத்துக்கு ஒருமுறை நடந்தே தீர வேண்டும். 1988-ல் திறந்த அந்தப் பாலம் 2.345 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் தீவுக்குத் தரைவழி என்றால் ரயில் மட்டும்தான், இல்லையேல் படகு. பாம்பன் பக்கமோ மண்டபம் பக்கமோ பஸ்ஸில் இறங்கி, ஓரத்து நடைபாதையில் வடக்குப் பக்கமாக நடுமேடு வரை நடந்தால் ஷெர்சர் தூக்கும் புதிய தூக்கும் ஒரே சட்டத்துக்குள் கிடைக்கும். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். காரைப் பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். போலீஸ் கெடுபிடி ஒருபுறம் இருக்கட்டும், பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடமில்லை.

படம் எடுக்க வெளிச்சக் கணக்கு முக்கியம், இதை யாரும் சொல்வதில்லை. இந்த இடத்தின் அட்சரேகை 9.28 பாகை வடக்கு. சித்திரை முதல் நாளை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது சாலைப்பாலத்திலிருந்து ரயில் பாலத்தைப் பார்த்தால் வெளிச்சம் எதிரே இருந்து வரும், இரும்பு கருப்பாகத்தான் விழும். செப்டம்பர் முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; காலை எட்டிலிருந்து பத்து, மாலை மூன்றரையிலிருந்து ஐந்து மணி வரை ஒவ்வொரு கர்டரும் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரம்) தனித்தனியாகத் தெரியும். இதில் வாடை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை மழைக்காகக் கழித்துவிடலாம். தை, மாசிதான் சிறந்தது.

தூக்கு எழும்புவதைப் பார்க்க நேர அட்டவணை கிடையாது. கப்பல்களும் பெரிய படகுகளும் காத்திருந்து, பாம்பன் துறைமுக அலுவலகம் அனுமதி தந்து, ரயில் இல்லாத இடைவெளியில் திறப்பார்கள். உள்ளூர்ச் செய்தித்தாளில் “கப்பல்கள் காத்திருப்பு” என்று வந்தால் ஓரிரு நாளில் திறக்கும் வாய்ப்பு உண்டு. காற்று இன்னொரு கணக்கு. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்றுமானி சொல்லும் கணக்குப்படி ரயிலை நிறுத்திவிடுவார்கள். கச்சான் என்னும் மேல்காற்று ஓங்கும் ஆனி, ஆடியிலும் புயல் காலத்திலும் மண்டபத்தில் வண்டி நின்றால் அது கோளாறு அல்ல, பாலம் ஒழுங்காக நடத்தப்படுகிறது என்றே பொருள். அன்றைக்கே ஊர் திரும்ப டிக்கெட் போட்டிருந்தால்தான் சிக்கல்; இரண்டு வண்டி இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

புதிய பாலம் திறந்தபின் பாம்பனைப் பற்றிப் புத்தகமும் ஆவணப்படமும் யூடியூப் காணொளியும் நிறைய வருகின்றன. காசும் நேரமும் செலவிடுமுன் மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று, 1964. டிசம்பர் 22 இரவுப் புயல் பாலத்தை முழுசாக அழித்தது என்று எழுதியிருந்தால் கீழே வையுங்கள். அடித்துப் போனவை 126 கர்டர்கள். ஷெர்சர் தூக்கு நின்றது. கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீனவர்கள் இடம் காட்ட, எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். ஆறு மாத வேலை என்று கணித்ததை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் முடித்தது. இரண்டு, வரைபடம். புயலுக்கு முன் பாம்பன் ஒரு ஜங்ஷன்: ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று நேரே தனுஷ்கோடிக்கு. இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுபோன போட் மெயில் ரயில் போனது இரண்டாவது பாதையில். அலைக்கு இரையான 653-ஆம் எண் பாசஞ்சரும் அந்தப் பாதையில்தான் போனது. இந்தப் பிரிவைக் காட்டாத வரைபடம் எதையும் விளக்காது. கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில், போர்க்காலத்தில் ரயில் நிற்காமல் போனதால் ஓடும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசினார்கள், அவற்றை எடுத்துச் சேர்ப்பதே தன் முதல் சம்பாத்தியம் என்று வரும் பக்கம் உண்டு. அந்த இடம் எங்கே என்பதும் இந்த வரைபடம் இருந்தால்தான் புரியும். மூன்று, தூக்கு. இரண்டு பாலங்களுமே “இரண்டாகப் பிளந்து திறக்கும்” என்று சொல்கிற படம், பாலத்தைப் பார்க்காதவர் எடுத்தது.

இதைத் தாண்டி நல்ல நூலிடம் நாம் எதிர்பார்ப்பது தொழிலாளர் பக்கம். தூக்கைத் திறந்த ஆட்கள், கர்டருக்கு வண்ணம் அடித்தவர்கள், அலை தொடும் தண்டவாளத்தில் நடந்து சோதித்த கேங்மேன்கள். அவர்களிடம் கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது.

ரயிலில் வந்தவர் தனுஷ்கோடியைப் பார்க்காமல் திரும்பினால் பாதிப் பயணம்தான். ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய் இருட்டுமுன் வந்துவிட வேண்டும். பவளக்கல்லில் கட்டிய தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி ஆகியவை ரோட்டோரத்திலேயே இருக்கின்றன. நிலைய இடிபாட்டின் அருகே நின்று கடலைப் பாருங்கள்: புயலுக்கு முன் இங்கே கப்பல் ஏறினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இலங்கைக் கரையின் தலைமன்னார், அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட் இலங்கை வரை செல்லும் காலம் அது. அந்தக் கரையில் போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதையைத் திரும்பப் போட்டு, 2015 மார்ச்சிலிருந்து ரயில் ஓடுகிறது. இந்தக் கரையில் தண்டவாளம் ராமேஸ்வரம் பிளாட்பாரத்தோடு நிற்கிறது.