ஒன்றாம் வகுப்பு: ஊராட்சி ஒன்றியப் பள்ளியா, நர்சரி பிரைமரியா?

ஐந்து வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பேச்சு வந்தாலே வீட்டில் யாராவது ஒருவர் நீட் தேர்விலிருந்து தொடங்கிவிடுவார். முதலில் அந்தக் கணக்கை ஒதுக்கி வைப்போம். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிகளுக்குக் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பார்க்கிறார்கள். அரசு வேலைக்கான தமிழ்வழி ஒதுக்கீட்டைக் குறிவைப்பவர்களுக்கு ஒன்றாம் வகுப்பே முக்கியம், அது வேறு விஷயம். மற்றவர்கள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்தாலே போதும்: என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு நேரம் ஓடியாடுகிறது, எதற்குக் கைதட்டு வாங்குகிறது.

சாப்பாட்டில் அரசுப் பள்ளிதான் முன்னால் நிற்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலை எட்டரை மணிக்கு ஒரு ஒன்றியப் பள்ளியின் வராண்டாவைப் பாருங்கள். மகளிர் குழு அக்கா பொங்கலை வைத்துச் சாம்பாரை ஊற்றிக்கொண்டே போவார். வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் நீட்டுவார்கள். வீட்டில் நாலு வாய்க்கு மேல் இறங்காத பிள்ளைகூட, பக்கத்தில் இன்னொருவன் சாப்பிடும்போது தானும் சாப்பிடும். மதியம் சத்துணவு, வாரம் ஐந்து நாளும் முட்டை.

நர்சரி பிரைமரியில் ஏழரை மணிக்கு வேன் வந்துவிடும். தோசையின் கடைசி வாய் படிக்கட்டில்தான். மதிய டப்பா பெரும்பாலும் பாதியாகத் திரும்பி வரும். இதற்குப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது, தூரத்துக்குக் கொடுக்கிற விலை அது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேனில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்பது சாதாரண விஷயமில்லை. அந்த இரண்டு மணி நேரமும் விளையாட்டிலிருந்தும் தூக்கத்திலிருந்தும்தான் போகிறது.

ஆனால் கழிப்பறை விஷயத்தில் தனியாருக்கே என் ஓட்டு. கட்டணம் வாங்குகிற பள்ளியில் கழுவ ஆயாம்மா இருப்பார். பல ஒன்றியப் பள்ளிகளில் அந்த வேலைக்கு முழுநேர ஆள் கிடையாது. தலைமையாசிரியர் யார் யாரிடமோ பேசித்தான் சமாளிக்கிறார். கழிப்பறை மோசமாக இருந்தால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் தண்ணீர் குடிக்கச் சொல்லி எத்தனை மணி அடித்தும் பயனில்லை.

விளையாட்டில் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. ஆனால் இடம் இருக்கும். வேப்பமரத்தடியில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும். நகரத்து நர்சரி பிரைமரிகளில் பல, வீடாக இருந்து பள்ளியான கட்டடங்கள். அங்கே பிடி மாஸ்டர் இருப்பார், கராத்தே இருக்கும், சிலம்பம் இருக்கும். எல்லாம் வாரத்துக்கு ஒரு பீரியடு, சிலவற்றுக்குத் தனிக் கட்டணம். ஆறு வயதில் பெல்ட்டைவிடத் தினமும் ஓடுவதுதான் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பது என் கட்சி.

படிப்பை இங்கே சுருக்கமாகவே தொடுகிறேன். அரசுப் பள்ளியில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் முறையில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம் வழியாகக் கற்பிக்கிறார்கள். தனியாரில் நோட்டு நிறைய எழுத்து, டைரி நிறைய வீட்டுப்பாடம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொன்னது. அதைப் பற்றி எந்தத் தனியார் பள்ளியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி பரிசும் மேடையும். பெற்றோரை மயக்குவது இதுதான். தனியார் பள்ளி ஆண்டு விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் மேடை ஏறும், வாடகை உடையோடு, மூன்று நிமிடப் பாட்டுக்கு. கடைசி வரிசையில் மரமாக நிற்கிற பிள்ளையையும் அம்மா செல்போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். கேலி செய்யவில்லை; கூச்சப்படும் பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்து நிற்பதே ஒரு தேர்ச்சிதான். ஆனால் அதே பள்ளியில் பணம் கட்டி எழுதுகிற ஒலிம்பியாட், கலந்துகொண்டாலே மெடல், மாதம் ஒரு சான்றிதழ் என்று போகும்போது, எது தான் செய்ததற்குக் கிடைத்தது, எது சும்மா கிடைத்தது என்று பிள்ளைக்கே தெரியாமல் போகிறது.

அரசுப் பள்ளியில் மேடை குறைவு, ஆனால் அதற்கு மேலே ஏணி இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டிகள் 2024-25இல் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தன. கதை சொல்கிற ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் பள்ளி அளவில் ஜெயித்தால் அடுத்து குறுவள மையம் (பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த அளவு), அப்புறம் வட்டாரம் என்று போகலாம். நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘ஊஞ்சல்’ என்ற இதழ் வருகிறது. வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கின்றன. ‘நட’வை முடித்து ‘ஓடு’க்குப் போன பிள்ளைக்குத் தான் என்ன சாதித்தோம் என்று நன்றாகத் தெரியும். ஒரே ஒரு குறை, இதெல்லாம் ஆசிரியரைப் பொறுத்தது. எடுத்துக்கொடுக்க ஆளில்லாவிட்டால் புத்தகம் பீரோவில் கிடக்கும்.

உண்மையான சிக்கலும் அங்கேதான். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் பயிற்சிக்கோ எமிஸ் (பள்ளித் தகவல் இணையதளம்) பதிவுக்கோ போய்விட்டால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். மேலே சொன்ன நல்லது அத்தனையும் அந்த நாளில் காற்றோடு போய்விடும். தனியாரில் வகுப்புக்கு ஒரு மிஸ் உண்டு. ஆனால் சம்பளம் குறைவு, அதனால் வருடா வருடம் ஆள் மாறுவார். ஜூனில் ஒட்டிக்கொண்ட பிள்ளை அடுத்த ஜூனில் மிஸ் எங்கே என்று கேட்கும்.

அரசு உதவி பெறும் பள்ளியைப் பலர் யோசிப்பதே இல்லை. காலை உணவு 2024இல் ஊரகத்திலும் 2025இல் நகரத்திலும் உள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மேடைப் பழக்கம் உள்ள பழைய பள்ளி நடந்து போகிற தூரத்தில் இருந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.

என் முடிவு இது. நடந்து போகிற தூரத்தில் மூன்று ஆசிரியராவது உள்ள ஒன்றியப் பள்ளி இருந்தால் அங்கேதான் சேர்ப்பேன். மிச்சமாகும் கட்டணத்தில் மாலையில் நீச்சலோ பாட்டோ, பிள்ளை எதைக் கேட்கிறதோ அது. இரண்டு ஆசிரியர்தான், கழிப்பறையும் பூட்டிக் கிடக்கிறது என்றால் தயங்காமல் தனியார், அதுவும் வேன் இருபது நிமிடத்துக்குள் போய்ச் சேர்கிற பள்ளி. அரசுப் பள்ளிச் சேர்க்கை அண்மை ஆண்டுகளில் மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், மதியம் பன்னிரண்டரைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பள்ளிக்கும் போய்ப் பாருங்கள். ஆண்டு விழா அன்று போகாதீர்கள்.