குடியாத்தத்தில் ஓட்டர் லிஸ்ட் வேலைக்கு நம்பிப் போகக்கூடிய கடை

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன் என்று மட்டும் எழுதியிருக்கும். வாக்காளர் பட்டியல் சம்பந்தமாக யார் என்னிடம் கேட்டாலும் நான் கைகாட்டுவது இந்தக் கடையைத்தான். பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் படிவம் 8, எதுவானாலும் 50 ரூபாய், பிரிண்ட் தனி.

கடைக்கார அண்ணன் யாரிடமும் கட்சி கேட்பதில்லை. எங்கள் ஊரில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலமைச்சரான காமராஜர் 1954-ல் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த தொகுதி இது, திமுகவே அப்போது அவரை ஆதரித்தது. 2019-ல் பணம் பிடிபட்டு வேலூர் எம்.பி. தேர்தல் ரத்தானதால், ஏப்ரலில் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒரு தடவை, ஆகஸ்ட் 5-ல் எம்.பி. தேர்தலுக்கு இன்னொரு தடவை என்று ஒரே வருஷத்தில் இரண்டு முறை விரலில் மை வைத்துக்கொண்டோம், அந்த ஆகஸ்ட் தேர்தலில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது வெறும் 8,141 ஓட்டு. தெருப் பெயரைச் சொன்னாலே எந்தச் சின்னத்துக்கு எவ்வளவு விழும் என்று டீக்கடையில் கணக்குப் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் கரைவேட்டி கட்டியவருக்கும் கட்சியே வேண்டாம் என்பவருக்கும் இங்கே ஒரே வரிசை, ஒரே மரியாதை.

என் சித்தப்பா மகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். அங்கே வாக்காளராகப் பதியும் படிவத்திலேயே கட்சிக்கு ஒரு இடம் இருக்கிறதாம், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் அந்தக் கட்சியில் பதிந்தவர்தான் ஓட்டுப் போட முடியும் என்பதால். சரி, அப்படிப் பதிந்துவிட்டால் ஊரின் மனசு தெரிந்துவிடுமா? நியூ ஹாம்ப்ஷயரில் டிக்ஸ்வில் நாட்ச் என்று ஒரு குட்டி ஊர், 1960-லிருந்து தேர்தல் நாள் பிறந்ததும் நள்ளிரவிலேயே ஓட்டுப் போட்டு எண்ணியும் முடித்துவிடுகிற ஊர். 2024-ல் அங்கே வாக்காளர் ஆறே பேர். நான்கு பேர் குடியரசுக் கட்சியில் பதிந்தவர்கள், இரண்டு பேர் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள். ஆறு பேரும் வந்தார்கள், டிரம்புக்கு 3, கமலா ஹாரிஸுக்கு 3. லிஸ்டில் இருந்த கட்சி ஒன்று, பெட்டியில் விழுந்தது வேறு. யார் எந்தப் பக்கம் என்று நாம் மணிக்கணக்காகப் பேசுகிறோம், பேசுகிற ஆளின் பெயர் லிஸ்டில் இருக்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

2024-ல் வேலூர் தொகுதியில் 73 சதவீதத்துக்கு மேல் ஓட்டு பதிவானது என்று பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம்தான். ஆனால் அந்தச் சதவீதம் லிஸ்டில் இருப்பவர்களை வைத்துப் போடுவது. பெயர் விடுபட்டவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலை மொத்தமாகச் சரிபார்க்கும் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) தொடங்கி, டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பெயருக்கு மேல் நீங்கியிருந்தபோது இந்தக் கடையின் அருமை தெரிந்தது. செத்தவர்கள், வீடு மாறியவர்கள் போக, இருக்கிற ஆளும் விடுபட்டிருக்கக்கூடுமே.

ஆந்திராவில் இருக்கும் பலமநேரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அக்காவுக்கு அன்று நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தீவிரத் திருத்தப் படிவத்தில் எழுத, அந்த ஊர்ப் பழைய பட்டியலில் அவருடைய அப்பா பெயரைத் தேட வேண்டும், அந்தப் பட்டியலோ தெலுங்கில் இருந்தது. அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் தள்ளினார். "உங்க அப்பாவோட அப்பா பேர் சொல்லும்மா, வீட்டு நம்பர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் தேடிக் கண்டுபிடித்துப் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் தாளில் எழுதிக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. படிவம் அனுப்பும் முன் பெயரை உரக்கப் படித்துக் காட்டுவதும் அவர் வழக்கம், ஆங்கிலத்தில் அடித்தால் தானாக வந்து விழும் தமிழில் கோமளா கோமலா ஆகிவிடும். விண்ணப்ப எண்ணை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, நிராகரித்துவிட்டால் அவரே போன் செய்து சொல்கிறார்.

குறையும் உண்டு. உட்கார இடமே இல்லை, வயசானவர்கள் வெயிலில் ரோட்டில் நிற்கிறார்கள், ஒரு பெஞ்சாவது போட வேண்டும். மத்தியானம் எப்போது மூடுவார், எப்போது திறப்பார் என்பது அவருக்கே வெளிச்சம். சிறப்பு முகாம் நடக்கும் சனி ஞாயிறுகளில் கூட்டம் தாங்காது.

காலையில் போய்விடுங்கள். போட்டோ, ஆதார், வயசுக்கு ஆதாரம், வீட்டில் ஒருவருடைய வாக்காளர் அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். வீட்டில் 17 முடிந்த பிள்ளை இருந்தால் கூட்டிப்போங்கள், இப்போதே விண்ணப்பித்து வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என எந்த மாதத்தின் முதல் தேதிக்குள் 18 முடிகிறதோ அதை வைத்துப் பெயர் சேர்த்துவிடுவார்கள்.