பழைய ஆர்80/7-க்கு ஸ்போர்ட் ரிம்மா, ரிம் லிடியா?

பினாங்கு மோட்டார் கடைகளில் கம்பிச் சக்கரத்துக்கு ‘ரிம் லிடி’ என்று பெயர். மலாயில் லிடி என்றால் தென்னை ஈர்க்கு. வார்ப்புச் சக்கரம் ‘ஸ்போர்ட் ரிம்’. என்னுடைய 1979 பிஎம்டபிள்யூ ஆர்80/7 ஸ்போர்ட் ரிம்மோடுதான் என் கைக்கு வந்தது. ஆறு வருஷம் அதில் ஓட்டிவிட்டு, போன வருஷம் கழற்றி வைத்துவிட்டு லிடிக்கு மாறினேன். என் ஓட்டு லிடிக்குத்தான், அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன்.

பார்வைக்கு எது அழகு என்பது அவரவர் விருப்பம். எடையில் பெரிய வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கழுவுவதற்கு ஸ்போர்ட் ரிம்தான் சுகம், ஒரு துணியை எடுத்துத் துடைத்தால் முடிந்தது. லிடியில் சக்கரத்துக்கு 40 கம்பி, இரண்டுக்கும் சேர்த்து 80, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைக்க வேண்டும்.

டியூப் விஷயத்தில்தான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். ஸ்போர்ட் ரிம் என்றால் டியூப்லெஸ், பஞ்சர் ஆனாலும் மெதுவாகத்தான் காற்று இறங்கும், லிடிக்குப் போனால் அந்த வசதி போய்விடும் என்பார்கள். புது மோட்டாருக்கு அது சரி. ஆனால் ஆர்80/7 காலத்துப் பழைய பிஎம்டபிள்யூ ஸ்போர்ட் ரிம்மில் டயரின் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்கும் அந்தச் சின்ன மேடு கிடையாது, அதிலும் டியூப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே இந்த வண்டியைப் பொறுத்தவரை டியூப் கணக்கில் இரண்டும் சமம்.

இனி முக்கியமான விஷயம். செயின் வண்டியில் பல் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் செயினையும் மாற்றிவிட்டுப் போகலாம், காப்சாய் (இங்கே ஓடும் சின்ன செயின் மோட்டார்) வைத்திருக்கும் யாருக்கும் இது தெரியும். செயினுக்குப் பதில் ஒரு தண்டு பின் சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட் வண்டியில் அப்படி இல்லை, இந்த பிஎம்டபிள்யூ அந்த வகை. ஃபைனல் டிரைவிலிருந்து (தண்டின் கடைசியில் உள்ள கியர்ப்பெட்டி) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல், பின் சக்கரத்தின் ஹப்புக்குள் (நடுக்குடம்) இருக்கும் பல்லில் போய் உட்காரும், எஞ்சினின் இழுப்பு முழுவதும் அந்த இடம் வழியாகத்தான் டயருக்குப் போகிறது. அதாவது சக்கரமே ஓட்டுப் பொறியின் ஒரு பாகம். கிரீஸ் காய்ந்துபோன ஹப்பில் அந்தப் பல் மெல்ல மெல்லக் கூர்மையாகும், சுறாமீன் பல் மாதிரி. நன்றாக இருக்கிற பல்லின் தலை தட்டையாக இருக்கும், விரல் நகத்தை அதன்மேல் வைத்தால் நிற்கும்.

ஸ்போர்ட் ரிம்மில் ஹப், ஆரக்கால், விளிம்பு எல்லாம் ஒரே வார்ப்பு. குழியில் விழுந்து விளிம்பு நெளிந்தால், நல்ல பல் இருந்தும் அந்தச் சக்கரம் போச்சு. விளிம்பு நன்றாக இருந்து பல் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான், பல்லை மட்டும் தனியே மாற்றித் தரும் பட்டறை கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். லிடி பிரிந்து வரும். விளிம்பு நெளிந்தால் அதே ஹப்பில் புது விளிம்பைக் கட்டலாம். ஹப் கெட்டால் வேறு ஹப்பை வாங்கி, இருக்கிற விளிம்பை அதில் கட்டலாம். நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு, சாமான் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய இடத்தில், இந்த ஒன்றுக்காகவே நான் மாறினேன். 1977-ல் ஆர்80/7 வந்தபோது நிறுவனமே கம்பிச் சக்கரம் போட்டு விற்றிருக்கிறது, ஆகவே பொருந்துமா என்ற சந்தேகமும் இல்லை. ஒரு எச்சரிக்கை: இது பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு மட்டும். பின் டிஸ்க் போட்ட ஆர்100ஆர்எஸ் மாதிரி வண்டியில் வேலை ரொம்பப் பெரிது.

பழைய ஹப் வாங்கும்போது பல்லைக் கிட்டத்திலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள். பளபளப்பான விளிம்பைப் பார்த்து மயங்க வேண்டாம், விளிம்பை மாற்றலாம்.

ஹப்பையும் விளிம்பையும் கம்பி போட்டுக் கட்டும் வேலையில் எனக்கு ஒரு அடி விழுந்தது. பட்டர்வொர்த் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன், நல்ல கைவேலைக்காரத் தம்பி, ஆனால் அவர் கட்டியது எல்லாம் காப்சாய் சக்கரம். இந்த வண்டியின் பின் சக்கரத்தில் விளிம்பு ஹப்புக்கு நேர் நடுவில் இருக்காது, கொஞ்சம் தள்ளி நிற்கும். அவர் நடுவில் வைத்துக் கட்டிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால், ஷாஃப்ட் ஓடுகிற வலது பக்க ஆர்முக்கும் டயருக்கும் நடுவே ஒரு காகிதம்தான் நுழைந்தது. “சென்டர் பார்த்துத்தானே கட்டினேன், அண்ணே” என்றார். தப்பு அவர்மேல் மட்டும் இல்லை, பழைய கம்பியை வெட்டுவதற்கு முன்னால் டிரம் விளிம்பில் ஒரு நேர்க்கோலை வைத்து ரிம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று நான் அளந்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாம் முறை அளவோடு கட்டினார், சரியாக வந்தது.

பேரிங்கிலும் கவனம் வேண்டும். ஹப்புக்குள் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், நடுவில் ஒரு வளையம். அந்த வளையத்தின் தடிமன் அந்தந்த ஹப்புக்கு அளந்து தேர்ந்தெடுத்தது. ஸ்போர்ட் ரிம்மில் இருந்த வளையத்தைத் தூக்கி லிடியில் போட்டால் ஒன்று இறுகிச் சூடாகும், இல்லையென்றால் சக்கரம் ஆடும். முன்பக்கம் சுலபம், பிரேக் பேடைப் பிடித்திருக்கும் ஏடிஇ கேலிப்பரின் கீழ் முனையில் உள்ள பின்னைத் திருப்பி, பேட் டிஸ்க்கில் நேராக உட்கார்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

லிடிக்கு எதிராக ஒன்று உண்டு: துரு. நான் பெருநிலத்தில் உள்ள பேரையிலிருந்து தீவில் உள்ள பாயான் லெப்பாஸுக்குத் தினமும் பினாங்குப் பாலத்தில் போகிறேன், 13.5 கிலோமீட்டர் முழுக்க உப்புக்காற்று. சாதாரண முலாம் பூசிய கம்பி இங்கே தாங்காது, அதனால் ஸ்டெயின்லெஸ் கம்பியும், அதை விளிம்பில் இறுக்கப் பித்தளை நிப்பிளும் போட்டேன். முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன். நான்கு கம்பி மட்டும் ‘டிங்’ என்று பேசாமல் மந்தமாகச் சத்தம் கொடுத்தன, கால் சுற்று முறுக்கியதும் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, முறுக்க வேண்டி வரவில்லை. ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் அது பார்த்திருக்கிறது.

ஒவ்வொரு டயர் மாற்றத்துக்கும் பின் பல்லைத் துடைத்து மோலிப்டினம் கிரீஸ் பூசுகிறேன், மெல்லிசாகத்தான், அள்ளிப் பூசினால் தெறித்து டிரம்முக்குள் போய் பிரேக் பிடிக்காது. பழைய ஸ்போர்ட் ரிம் இரண்டையும் விற்கவில்லை. பல் இன்னும் தட்டையாக இருக்கிறது, நாளைக்கு இந்த வண்டியை வாங்குகிறவர் அதையும் கேட்பார். அவற்றின் பேரிங்கையும் வளையத்தையும் உள்ளேயே விட்டு, கலந்துவிடாமல் இருக்க ஆக்சில் துளையில் பெயர் எழுதிய அட்டையைக் கட்டி, கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறேன்.