குரூப் ரைடா, டைம் ட்ரையலா, ப்ரெவேயா?

ரோடு பைக் வாங்கி ஆறு மாதம் ஆனதும், ஞாயிறு விடியற்காலையை எதற்குக் கொடுப்பது என்ற குழப்பம் வரும். சென்னைக்காரர்களுக்கு மூன்று வழி. கூட்டத்தோடு ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்வரலாம், டைம் ட்ரையலில் தனியாகக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டலாம், அல்லது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணமான ப்ரெவேயில், 200 கி.மீ.க்குப் பெயர் கொடுக்கலாம். மூன்றிலும் நான் மூச்சு வாங்கியிருக்கிறேன்.

தொடக்கத்துக்குக் குரூப் ரைடுதான். திருவான்மியூரில் இருட்டோடு கிளம்பி, முட்டுக்காடு பாலம் தாண்டும்போது விடிந்தால் அந்த நாளே நல்ல நாள். அங்கே கற்றுக்கொள்வது முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டும் கலை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் கால்பங்குக்கு மேல் மிச்சம். ஆனால் சக்கரங்கள் உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் இருப்பவர். அதனால்தான் குழியைக் கையால் காட்டுவதும், பிரேக் பிடிக்கும்முன் குரல் கொடுப்பதும் அங்கே சட்டம் மாதிரி.

கூட்டத்தில் ஒரு ஏமாற்றும் உண்டு. சராசரி 32 என்று மொபைல் காட்டும், நாமும் நம்பிவிடுவோம். அதே சாலையில் நான் தனியாக ஓட்டியபோது வந்தது 27. மீதி ஐந்தும் அடுத்தவர் வீட்டுச் சாப்பாடு!

இந்தக் கணக்கைத் தீர்ப்பது டைம் ட்ரையல். ஒவ்வொருவராக, பெரும்பாலும் ஒரு நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள். யார் பின்னாலும் ஒட்டக்கூடாது. முதல் ஐந்து கிலோமீட்டரில் துள்ளியவன் கடைசிப் பத்தில் கதறுவான். முதல் தடவை நானும் அப்படித்தான். மார்கழியில் தெற்கே போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளும், கால் வலுத்துவிட்டதாகத் தோன்றும். திரும்பினால் அதே வாடை முகத்தில் அறையும். சங்கப் பாட்டில் வாடை ஏன் துயரத்தோடு வருகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. உங்கள் கால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் பந்தயமும் இருக்கிறது. நாள் முழுக்கக் காற்றுக்கு முகம் காட்டாமல் பதுங்கியவர் கடைசி 200 மீட்டரில் பாய்ந்து ஜெயிப்பார். நியாயமா என்று கேட்காதீர்கள், அதுதான் ஆட்டம். ஆனால் வளைவில் தன் தடம் மாறாமல் ஓட்ட வராதவர்களுக்கு இது இப்போதைக்கு வேண்டாம்.

ப்ரெவே வேறு உலகம். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்ற பட்டம். முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. சராசரி 15 போதும் என்றதும் சிரிப்பு வரும். ஆனால் தோசை சாப்பிடும்போதும் பஞ்சர் ஒட்டும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கண்ட்ரோல் எனும் சோதனை நிலையங்கள் தவிர வழியில் வேறெங்கும் உதவிக்கு வண்டி வரக்கூடாது. ட்யூப், பம்ப், தண்ணீர் எல்லாம் உங்கள் பாடு. இந்தப் பாதை பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற பெரிய ப்ரெவே வரை போகிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது, 1,200 கி.மீ.க்கு 90 மணி நேரம். 2023இல் நடந்தது, அடுத்து 2027.

என் ஓட்டு? மூன்று மாதம் குரூப் ரைடு, அப்புறம் ஒரே ஒரு டைம் ட்ரையல். அதில் வந்த நேரத்தைப் பார்த்து வெறி பிடித்தால் பந்தயப் பக்கம் போங்கள். பசிதான் பிடித்தது என்றால் நீங்கள் ப்ரெவே ஆள். நான் இரண்டாவது ரகம். 200க்குப் பதிவு செய்தால் பின்விளக்கு இரண்டு மாட்டிக்கொள்ளுங்கள், ஒன்று நிச்சயம் நடுவழியில் அணையும்.